நான்கு கையளவு ரப்பர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் நின்ற எஸ்யூவியின் முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைப் பஞ்சில் தோய்த்து, டயரின் தரைபடும் பரப்பு முழுவதும் தடவினேன். கீழே ஒரு சார்ட் தாளை விரித்து, சக்கரத்தை மெதுவாக அதன்மேல் இறக்கினேன். மறுபடியும் தூக்கித் தாளை எடுத்துப் பார்த்தபோது, மூலைகள் மழுங்கிய ஒரு நீலச் செவ்வகம் பதிந்திருந்தது. அகலம் 17 சென்டிமீட்டர், நீளம் 10. விரல்களைச் சேர்த்து என் வலது கையை அதன்மேல் வைத்தேன். நீலம் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள வண்டி, அப்படிப்பட்ட நான்கு கையளவு ரப்பரின் மேல்தான் நிற்கிறது. பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது, மழையில் நிலைகொள்வது எல்லாமே அந்த நான்கு இடங்களின் வழியாகத்தான் நடக்கின்றன.

இந்தச் சோதனைக்கு ஒரு காரணம் இருந்தது. என் டயர்கள் தேய்ந்துவிட்டன. மாற்றப் போன இடத்தில், “இதே அளவு எதற்கு சார்? கொஞ்சம் அகலமாகப் போட்டுவிடுங்கள், வண்டிக்கே ஒரு கம்பீரம் வந்துவிடும்” என்றார்கள். பெரிய அலாய் வீல், முரட்டுப் பட்டை வைத்த டயர் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். எனக்கும் ஆசை வந்தது. தினமும் ஓட்டுகிற வண்டி கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று விரும்புவதில் தவறே இல்லை. ஆனால் எந்த மாற்றம் அந்த நீலச் செவ்வகத்தைத் தொடுகிறது, எது தொடவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் பணத்தை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில், அந்தச் செவ்வகம் ஏன் அவ்வளவு சிறியது? வண்டியைத் தாங்குவது பெரும்பாலும் ரப்பர் அல்ல, உள்ளே அடைத்த காற்று. என் வண்டிக்குச் சொல்லப்பட்ட அழுத்தம் 33 பிஎஸ்ஐ. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. இன்ஜின் இருக்கும் பக்கம் என்பதால் முன்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் ஏறக்குறைய 400 கிலோ இறங்குகிறது. 400-ஐ 2.3-ஆல் வகுத்தால் 174 சதுர சென்டிமீட்டர். தாளில் பதிந்தது 17-க்கு 10, அதாவது 170. டயரின் சுவர்களும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் கணக்கு எப்போதும் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகாது. ஆனாலும் அடிப்படை இதுதான்.

இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை, 215 மில்லிமீட்டர் டயரைக் கழற்றிவிட்டு 235 போட்டாலும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய அதேதான். மாறுவது அதன் வடிவம். அகலம் கூடுகிறது, நீளம் குறைகிறது. “அகல டயர் என்றால் அதிக ரப்பர் ரோட்டில்” என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருப்பது பாதிதான் உண்மை.

வடிவம் மாறுவதால் பயன் இல்லாமல் இல்லை. காய்ந்த சாலையில் வேகமாகத் திரும்பும்போது அகலமான, குட்டையான தடம் குறைவாக நெளிகிறது. ஸ்டீயரிங் உடனே சொல்பேச்சுக் கேட்கிறது. மழையில் கதை மாறுகிறது. தேங்கிய தண்ணீரின் மேல் டயர் உருளும்போது, முன்னால் இருக்கும் தண்ணீரை அது பக்கவாட்டில் தள்ளியாக வேண்டும். தடம் அகலமாக ஆக, தண்ணீர் ஓடித் தப்ப வேண்டிய தூரம் அதிகம். தடம் குட்டையாக ஆக, அதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. தள்ள முடியாத தண்ணீர் ஆப்பு போல டயருக்கு அடியில் நுழைந்து அதைத் தூக்கிவிடுகிறது. அந்த நொடியில் டயருக்கும் தாருக்கும் தொடர்பே இல்லை.

விமானங்கள் ஈரமான ஓடுதளத்தில் வழுக்குவதை ஆராய்ந்த நாசாவின் வால்டர் ஹார்ன் 1960-களில் இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார். காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ-யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மைல் கணக்கில் கிடைக்கும். 33 பிஎஸ்ஐ-க்கு மணிக்குச் சுமார் 96 கிலோமீட்டர். காற்று 25-க்கு இறங்கியிருந்தால் 83. சூத்திரம் விமான டயர்களை வைத்து எழுதப்பட்டது. கார் டயரில் ஆழமான பள்ளக்கோடுகள் வடிகால் வாய்க்கால்களாக வேலை செய்வதால் நல்ல டயர் இன்னும் கொஞ்சம் தாங்கும், மொட்டை டயர் தாங்காது. நான் இதில் பார்ப்பது ஒன்றைத்தான்: அடைத்த காற்றில் 8 பிஎஸ்ஐ குறைவது ஐப்பசி மழையில் 13 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமம். காற்றைச் சரியாக வைத்துக்கொள்ளக் கடையில் எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது, டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எண்கள். என் வண்டியில் 215/60 ஆர் 17 என்று இருக்கிறது. 215 என்பது ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரை மில்லிமீட்டரில் அகலம். 60 என்றால் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர். 17 என்பது அங்குலத்தில் வீலின் விட்டம். எல்லாவற்றையும் கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் 690 மில்லிமீட்டர். கடையில் எனக்குக் காட்டியது 225/65 ஆர் 17. கூட்டிப் பார்த்தேன்: 724 மில்லிமீட்டர். சக்கரம் 5 சதவீதம் பெரிதாகிறது.

வேகமானிக்கு இது தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை மட்டும் எண்ணி, பழைய சுற்றளவால் பெருக்கி வேகம் சொல்கிறது. வேகமானி உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம், ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா.வின் வாகன விதிகளில் இருக்கும் நிபந்தனை. அதனால்தான் கம்பெனியில் இருந்து வரும்போதே அது கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறது. 5 சதவீதம் பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிடும். கியர்களும் அதே அளவு ‘நீண்டு’விடும், அதாவது இன்ஜினின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் போக வேண்டியிருக்கும்; மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்கத் தயங்குவது அதனால்தான். இதற்கு மாறாக 235/55 ஆர் 17 கணக்குப் போட்டால் 690.3 மில்லிமீட்டர். வித்தியாசம் வெறும் அரை மில்லிமீட்டர்தான். அகலம்தான் வேண்டும் என்றால், வீலின் அகலமும் அதற்குப் பொருந்தினால், கேட்க வேண்டிய அளவு இதுபோன்றதுதான். அளவுக்குப் பின்னால் 96எச் என்று ஒரு குறி இருக்கும். 96 என்றால் அந்த டயர் 710 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. புதிய டயரில் இந்த எண் பழையதைவிடக் குறையக் கூடாது.

பெரிய அலாய் வீலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வண்டியின் மற்ற எடைக்கும் சக்கரத்தின் எடைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. டிக்கியில் வைத்த ஒரு கிலோ அரிசி முன்னால் போகிறது, அவ்வளவுதான். டயரின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ முன்னாலும் போகிறது, சுற்றவும் செய்கிறது. இரண்டு ஆற்றலையும் கூட்டினால், வேகமெடுக்கும்போது அது இரண்டு கிலோவுக்குச் சமமாகிறது. சக்கரத்துக்கு மூன்று கிலோ என்று கூடினால், நான்கிலும் சேர்த்து 12 கிலோ. விளிம்பில் இருந்தால் ஒவ்வொரு சிக்னலிலும் 24 கிலோவை இழுப்பது போல.

அதோடு முடியவில்லை. சக்கரம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. பள்ளம் வந்தால் அது கீழே இறங்கி, உடனே மேலே வந்து, மறுபடி தரையைப் பிடிக்க வேண்டும். கனம் கூடினால் அந்தத் துள்ளல் அடங்க நேரமாகும். அந்த நேரம் முழுவதும் நீலச் செவ்வகம் ஒருமுறை சுருங்கி ஒருமுறை விரிந்துகொண்டிருக்கும். கூடவே, வீல் பெரிதானால் பக்கச் சுவர் குட்டையாக வேண்டும். 235/50 ஆர் 18-இல் சுவர் 117.5 மில்லிமீட்டர்தான். பள்ளத்தின் கூரான விளிம்பில் மோதும்போது, குட்டைச் சுவர் வீலின் உலோக ஓரத்துக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோகும். வெளியே ரப்பர் கிழியாது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கோழிமுட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. என் அண்ணன் வண்டியில் அப்படி ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலால் அழுத்தினால் பலூன் போல மெத்தென்று இருந்தது. அந்த இடத்தில் காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது வெறும் ரப்பர் தோல் மட்டுமே. அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, தூக்கிப் போடத்தான் வேண்டும்.

காட்டுப்பாதை டயர்களின் முரட்டுத் தோற்றம் எனக்குப் பிடிக்கும். சேற்றிலும் மண்ணிலும் அவை உண்மையாகவே உழைக்கின்றன. ஆனால் அந்தப் பெரிய ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே இருப்பது வெற்றிடம். தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைகிறது. உயரமான கட்டைகள் பிரேக் பிடிக்கும்போது நெளிகின்றன. ஒவ்வொரு கட்டையும் சாலையில் அறைந்து எழுப்பும் ஒலி ரீங்காரமாகக் காதுக்கு வருகிறது. வாரம் ஆறு நாள் அலுவலகம் போய்வரும் வண்டிக்கு இது எதற்கு என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அகலத்தையும் தோற்றத்தையும்விட முக்கியம் ரப்பரின் குணம். ரப்பரை அழுத்தி விட்டால், அழுத்தக் கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்ப வராது, கொஞ்சம் வெப்பமாகிவிடும். இந்த இழப்பு டயருக்கு வரமும் சாபமும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய எட்டு முறை சுற்றுகிறது; ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் ஒருமுறை நசுங்கி நிமிர்கிறது. அங்கே ஆற்றல் இழந்தால் பெட்ரோல் வீண். அதே ரப்பர், தாரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜல்லியின் நுண்ணிய முனைகள் மேல் வழுக்கும்போது நொடிக்குப் பல ஆயிரம் முறை அதிர்கிறது. அங்கே ஆற்றல் இழந்தால்தான் பிடிப்பு. மெதுவான நசுங்கலில் இழப்பு குறைவாகவும், வேகமான அதிர்வில் இழப்பு அதிகமாகவும் இருக்கும் ரப்பர் வேண்டும். கார்பன் கரியை மட்டும் கலந்தவரை இரண்டையும் ஒன்றாகப் பெறுவது கடினமாக இருந்தது. கரியின் பெரும்பகுதிக்குப் பதிலாக மணலின் உறவான சிலிகாவைச் சேர்த்து, மிஷலின் நிறுவனம் 1992-இல் டயர் கொண்டுவந்தபோது அந்த முடிச்சு அவிழ்ந்தது. மைலேஜும் ஈரச்சாலைப் பிடிப்பும் ஒரே டயரில் கிடைத்தன. இன்று அதே அளவில், நல்ல ஈரப்பிடிப்புள்ள டயர் வாங்குவதுதான் என் பார்வையில் எஸ்யூவிக்குச் செய்யக்கூடிய சிறந்த மேம்பாடு. வெளியே யாருக்கும் தெரியாது. நெடுஞ்சாலையில் குறுக்கே மாடு வந்தால் தெரியும்.

அழகுக்குச் செய்யும் மற்ற வேலைகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. வீலுக்குக் கறுப்பு வண்ணம், சேறு தெறிக்காமல் தடுக்கும் மட்ஃபிளாப், கதவோரப் பட்டை எல்லாம் மனம்போல் போடலாம். இருக்கை உறை வாங்கும்போது மட்டும், இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். அது தையலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். சாதாரண உறை அதை அடக்கிவிடும். கண்ணாடியில் ஒட்டும் படத்துக்கும் ஒரு வார்த்தை. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைத் தடுக்கும் செராமிக் படம் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். கறுப்பு என்பதாலேயே குளிர்ச்சி வந்துவிடாது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கங்களில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது சட்டம்.

முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிக் காப்பை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதும் வண்டி, முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவர் மேல் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசை. கால் மீட்டரில் நின்றால் 40 மடங்கு. நசுங்குவதற்கென்றே செய்த பகுதியை நசுங்கவிடாமல் செய்கிறது அந்தக் கம்பி. ஏர்பேக் விரியும் கணத்தையும் குழப்புகிறது. நடந்துபோகிறவர் மேல் பட்டால் அவருக்கு இன்னும் மோசம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது சரியான செயல்.

கடைசியில் பழைய அளவையே வாங்கினேன். சுவரில் நான்கு எண்கள் கொண்ட சிறிய முத்திரையைத் தேடிப் படித்தேன். முதல் இரண்டு எண்கள் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. கிடங்கில் பல வருடம் கிடந்த ரப்பர் புதியது அல்ல. பணம் இடித்ததால் இப்போதைக்கு இரண்டு டயர்தான். கடைப் பையன் அவற்றை உருட்டிக்கொண்டு முன்பக்கம் போனான். “பின்னால் போடு தம்பி” என்றேன். ஸ்டீயரிங் முன்னால்தானே என்று வியப்போடு பார்த்தான். முன்டயர் தண்ணீரில் மிதந்தால் வண்டி நேரே போகும். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பிவிடும். பின்டயர் மிதந்தால் வால்பக்கம் வீசிச் சுழன்றுவிடும், அதை அடக்கப் பெரும்பாலான ஓட்டுநர்களால் முடியாது என்று அவனிடம் சொன்னேன். பக்கத்தில் கிடந்த பழைய டயரின் பள்ளக்கோட்டுக்குள் விரலை விட்டு, இன்னும் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டு, ஜாக்கியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.