டூயல் ஃபியூயல்: 'கலப்பு எரிபொருள்' சரிதானா?

'கலப்பு எரிபொருள் எஞ்சின்' என்று இன்னொரு தடவை படித்தாகிவிட்டது. இந்த முறை கிருஷ்ணகிரியில் லாரிக்காரர்களுக்குக் கொடுத்த ஒரு விளம்பரத் தாளில். டீசலையும் கேஸையும் சேர்த்து எரிக்கும் டூயல் ஃபியூயல் எஞ்சினுக்குத்தான் இந்தப் பெயர். போகட்டும் என்று விடலாம் என்றால், கீழே 'டீசல் தீர்ந்தாலும் கேஸில் ஓடும்' என்று வேறு போட்டிருந்தார்கள். ஓடாது.

டூயல் என்பது இரண்டைக் குறிக்கும் லத்தீன் 'துவோ'விலிருந்து வந்தது. ஃபியூயல், அடுப்பைக் குறிக்கும் 'ஃபோகஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேரில் இதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது ஏறும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதற்குச் சுமார் 210 முதல் 250 டிகிரி செல்சியஸ் போதும். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதியான மீத்தேனுக்கோ 540 டிகிரியாவது வேண்டும். அதனால் கேஸைக் காற்றோடு உள்ளே இழுத்து அழுத்தி, கடைசி நேரத்தில் கொஞ்சம் டீசலைப் பீச்சுகிறார்கள். விறகுக்குக் கற்பூரம் மாதிரி டீசல் முதலில் பற்றி, கேஸைப் பற்றவைக்கிறது. ருடால்ஃப் டீசலே 1901இல் இப்படிப்பட்ட ஒரு முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

ஓடுகிற டீசல் லாரியில் கேஸ் கிட் மாட்டியிருந்தால், கேஸ் தீர்ந்தபின் வெறும் டீசலில் போகலாம். டீசல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். டீசல் லைனில் காற்று வேறு ஏறிக்கொள்ளும். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வண்டி தொப்பூர் மலைப்பாதை இறக்கத்தில் இப்படி நின்றால், ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் நின்றுவிடும். விளம்பரம் எழுதியவர் இதையெல்லாம் எங்கே யோசித்தார்!

கலப்பு என்றால் ஊற்றுவதற்கு முன்பே கலந்தது. 20 விழுக்காடு எத்தனால் சேர்த்த பெட்ரோல்தான் கலப்பு எரிபொருள்: ஒரே டேங்க், ஒரே குழாய். இங்கே டீசலுக்குத் தனி டேங்க், கேஸுக்குத் தனி சிலிண்டர். இரண்டும் சந்திப்பதே எஞ்சினுக்குள்தான். தவிர, டிரைவர் காதில் 'கலப்பு' என்று விழுந்தால் மண்ணெண்ணெய் ஊற்றிய டீசல்தான் நினைவுக்கு வரும். பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் காருக்கும் இதே சொல்லைப் போட்டுவைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு எத்தனை வேலை!

'இரட்டை எரிபொருள்' அவ்வளவு மோசமில்லை. ஆனால் இரட்டைப் பிள்ளை, இரட்டைச் சடை என்று சரிசமமான ஜோடியைத்தான் இரட்டை என்கிறோம். இங்கே பங்கு சமமில்லை, நிலையாகவும் இல்லை. ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, பெரும்பாலும் டீசல் மட்டும். நடுத்தரச் சுமையில் கேஸ் கூடும். லோடோடு தொப்பூர் ஏறும்போது நாக்கிங் (கேஸ் தானாகவே பற்றி எஞ்சின் தட்டுவது) வராமலிருக்கக் கேஸைக் குறைக்க வேண்டும்.

'இருஎரிபொருள்' என்று எழுதுவோருக்கு ஒரு வார்த்தை: உயிரெழுத்துக்கு முன் இரு, ஈர் ஆகும். ஈருருளி போல ஈரெரிபொருள். ஈரமான எரிபொருளா என்று கேட்பவர்கள் ஈருருளியையும் துடைத்துவிட்டுத்தான் ஓட்டுவார்கள் போல. ஆனால் இந்தச் சொல்லை நான் பெட்ரோல்-கேஸ் ஆட்டோவுக்கே கொடுப்பேன். அது பை-ஃபியூயல்: சுவிட்சைத் தட்டினால் இது, இல்லையென்றால் அது, ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனிப் பெயர் இருக்க, மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றையே எழுதிக் குழப்புகிறார்கள்.

டூயல் ஃபியூயலுக்கு என் சொல் கூட்டெரிபொருள். தனித்தனியாக இருந்துகொண்டே சேர்ந்து செய்வது கூட்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் குடிக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டறையில் 'கேஸ் கிட்' என்றே சொல்லட்டும், அதில் குழப்பமில்லை. அச்சடிப்பவர்களிடம்தான் வழக்கு. அப்புறம், சி.என்.ஜி.யை (கம்ப்ரஸ்டு நேச்சுரல் கேஸ்) 'சுருக்கப்பட்ட எரிவாயு' என்று எழுதுவதையும் நிறுத்தலாம். சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் இருப்பது அழுத்திய எரிவாயு. சுருங்குவது துவைத்த சட்டை.