தேக்கிலையை மடித்துத் தைக்கும் புழு

தேக்கு நட்டு நாலு வருஷம் ஆன ஒரு வாசகர் கேட்கிறார்: "கோடை மழைக்கு நன்றாகத் துளிர்த்தது. ஒரே வாரத்தில் மொட்டை. மரத்தடியில் நின்றால் நூலில் தொங்கும் புழு தலையில் விழுகிறது. கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் கட்டச் சொல்கிறார்கள். மரம் பிழைக்குமா?"

பிழைக்கும். எலுமிச்சையைச் சர்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இலையைப் பாருங்கள். தளிர் போய் நடு நரம்பும் தடித்த நரம்புகளும் மட்டும் நின்றால், அது ஹைப்ளேயா பியூரா என்ற அந்துப்பூச்சியின் புழு. முற்றிய இலை சல்லடையாகி, பொடி நரம்புகள்கூட அப்படியே இருந்தால் அது யூடெக்டோனா, வேறு இனம். புழுவின் நிறத்தை நம்ப வேண்டாம். ஹைப்ளேயா தனியாக வளர்ந்தால் பச்சை. கூட்டமாக வளர்ந்தால் கறுத்து, முதுகில் ஆரஞ்சுப் பட்டை. அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தால் சருகுத் துண்டு. தொட்டால் கறுப்பில் ஆரஞ்சு தீட்டிய பின்சிறகு தெரியும்.

எனக்குப் பிடித்தது அதன் வீடு. சற்று வளர்ந்த புழு இலையோரத்தைக் கடித்து வெட்டி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்க விடுகிறது, டப்பா மூடி மாதிரி. அதை மடிக்கக் கையுமில்லை, பலமுமில்லை. தலையை இங்குமங்கும் ஆட்டி மூடிக்கும் இலைக்கும் இடையே பட்டிழை கட்டுகிறது. இலை மடிக்கும் புழுக்களின் சூட்சுமமே இந்த இழைதான்: நீட்டி ஒட்டிய இழை சுருங்கும். ஓரிழையின் இழுப்பு ஒன்றுமில்லை. ஆனால் பல இழைகள் சேர்ந்தால் மூடி கொஞ்சம் எழும்பும். பழைய இழைகள் தொய்ய, இன்னும் குட்டையாகப் புதியவை. லாரியில் பாரம் கட்டுகிறவர் கயிற்றைத் திரும்பத் திரும்ப இறுக்குவாரே, அதே வேலை. கடைசியில் மூடி படிந்துவிடும். உள்ளே இருந்தபடியே சாப்பாடு.

அப்புறம் இறங்கி, சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை மூன்று, நான்கு வாரம்தான்.

மரம் சாகாது, மறுபடி துளிர்க்கும், நஷ்டம் பருமனில். நிலம்பூரின் இளம் தேக்குத் தோட்டங்களில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் அளந்தபோது, வளர்ந்திருக்க வேண்டிய மரத்தின் கன அளவில் 44 சதவீதம் இந்தப் புழுவால் போயிருந்தது. இப்படி ஓர் எண் கிடைக்க, ஐந்து வருஷம் மரம் மரமாகச் சுற்றளவு எடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் முடிவு கேட்கிறவர்கள் இதற்குக் காசு கொடுக்க மாட்டார்கள். இந்தப் புழுவை மட்டும் தாக்கும் வைரஸ் ஒன்றையும் அதே நிறுவனம்தான் கண்டெடுத்தது.

உங்கள் தோப்பில் தலைகீழாகத் தொங்கி, கறுத்து, தொட்டால் நீராக உடையும் புழு கண்ணில் பட்டால், அந்த வைரஸ் ஏற்கனவே வந்துவிட்டது என்று அர்த்தம்.