முகமூடிக்கும் மூச்சு முட்டும்

கனடாவின் மேற்குக் கரையில் ஓர் அருங்காட்சியகத்தில் கன்சர்வேட்டராக இருக்கிறேன். பழைய பொருள்கள் உளுத்து உதிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. சேர்ந்த முதல் வருடம் கிடங்கின் ஒட்டுப்பொறியில் இரண்டு வண்டுகள் மாட்டியிருந்தன. பக்கத்து அலமாரியில் சிடார் மரத்தில் செதுக்கிய ஒரு முகமூடி. தலைமுடிக்குச் சிடார் பட்டையின் நார். படித்தபடியே செய்தேன். பாலிதீன் பையில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து, வாயைச் சூட்டில் ஒட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசருக்குக் கொண்டுபோக மேசைமேல் வைத்தேன்.

அந்த முகமூடி எந்தச் சமூகத்துடையதோ, அங்கிருந்து ஒரு பாட்டி அன்று வந்திருந்தார். மேசையைப் பார்த்தார். "இவருக்கு ஏன் இப்படி மூச்சு முட்டுகிறது?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர் நர்ஸிடம் கேட்பதுபோல் இருந்தது.

பூச்சி, ஈரப்பதம் என்று ஏதோ விளக்கினேன். ஆனால் 'இவர்' என்ற சொல் உள்ளே தைத்துவிட்டது. நம் ஊரில் 'உற்சவர் மண்டபத்துக்கு வந்துவிட்டார்' என்றுதான் சொல்வோம். 'வெண்கலச் சிலை நகர்த்தப்பட்டது' என்று யாரும் சொல்வதில்லை. இதைக் கேட்டு வளர்ந்த நானே வேலைக்கு வந்ததும் பதிவேட்டில் எல்லாவற்றையும் அஃறிணையில் எழுதப் பழகியிருந்தேன்.

'காலனிய நீக்கம்' என்று கருத்தரங்குகளில் பெரிதாகப் பேசுகிறார்கள். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு அதன் பொருள் ஒன்றுதான்: தொடுவதற்கு முன்னால் யாரிடம் கேட்க வேண்டும்? எந்தப் பசை, எத்தனை டிகிரி என்பதெல்லாம் அப்புறம்.

கேட்க வேண்டியதற்குக் காரணம், இவை பெரும்பாலும் கேட்டு வாங்கியவை அல்ல. பசிபிக் கரையோரப் பூர்வகுடிகளுக்குப் பாட்லாட்ச் என்ற பெருவிருந்துச் சடங்குதான் பெயர் சூட்டும் இடம், துக்கம் தீர்க்கும் இடம், உரிமையைச் சாட்சிகளோடு பதியும் இடம். கனடா அரசு 1884இல் சட்டம் போட்டு, 1885 முதல் அதைக் குற்றமாக்கியது. 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் நடத்திய பாட்லாட்ச்சுக்காகப் பலரைக் கைது செய்தார்கள். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்று பேரம் பேசினார்கள். அப்படிப் பிடுங்கியவை ஒட்டாவாவுக்கும் டொரொன்டோவுக்கும் போயின. ஒரு பகுதியை நியூயார்க்கின் ஜார்ஜ் ஹை என்ற சேகரிப்பாளர் வாங்கிக்கொண்டார். தடை சட்டத்திலிருந்து நீங்கியது 1951இல்.

பிறகு பூர்வகுடிகள் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனை: முதலில் அருங்காட்சியகம் கட்டுங்கள். 1979இல் கேப் மட்ஜ் ஊரில் ஓர் அருங்காட்சியகமும், 1980இல் அலர்ட் பே ஊரில் உமிஸ்டா பண்பாட்டு மையமும் எழுந்தன. உமிஸ்டாவில் அந்த முகமூடிகளுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடையாது. அத்தனை காலம் பூட்டப்பட்டுக் கிடந்தவர்களை மறுபடி எதற்குப் பூட்ட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. என் பயிற்சி, தூசு படியுமே என்கிறது. படியட்டும், அது அவர்கள் வீடு.

இதே கரையின் ஹைஸ்லா மக்களுடைய மரக்கம்பம் ஒன்றின் கதை இன்னும் விசித்திரம். ஜிப்ஸ்கோலோக்ஸ் என்ற தலைவர், பெரியம்மையில் குடும்பத்தைப் பறிகொடுத்தபின் 1872இல் செதுக்கி நிறுத்திய குலச்சின்னக் கம்பம் அது. 1929இல் அடியோடு வெட்டப்பட்டு ஸ்வீடன் போனது, 2006இல்தான் திரும்பியது. அதற்கிடையில் ஸ்வீடன் தரப்பு கேட்டது, கம்பம் கெடாதபடி தட்பவெப்பம் கட்டுப்படுத்திய கட்டடம் வேண்டும் என்று. ஹைஸ்லா மரபிலோ கம்பம் சாய்ந்து மக்கி மண்ணோடு மண்ணாவதுதான் முறை. ஐயனார் கோயில் வாசலில் மண்குதிரைகள் மழையில் கரைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் பசை தடவி ஒட்டுவதில்லை. அடுத்த புரவியெடுப்புக்குப் புதுக்குதிரை வரும். அங்கே எனக்கு வேலையே இல்லை. இதை ஒப்புக்கொள்ள ஒரு கன்சர்வேட்டருக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

இனிச் சொல்வது எங்கள் தொழிலின் வெட்கக்கேடு. தோல், மயிர், இறகு, கம்பளி உள்ள பொருள்களைப் பூச்சி தின்றுவிடாமல் இருக்க 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் ஆர்செனிக் பூசினார்கள். கூடவே பாதரச உப்பு, அந்துருண்டை, பின்னாளில் டிடிடி என்ற பூச்சிமருந்து. எதற்கு எதைப் போட்டோம் என்று எழுதிவைத்தவர்கள் சொற்பம். அலமாரியில் இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை, பெரிய ஆபத்து அந்தப் பொருள்கள் சொந்த ஊருக்குத் திரும்பிப் போனபிறகுதான். ஏனென்றால் ஊரில் முகமூடியை முகத்தில் மாட்டி ஆடுவார்கள், அதற்குள் வியர்க்கும், மூச்சு விடுவார்கள். அமெரிக்காவில் ஹோப்பி மக்களுக்குத் திரும்பிய புனிதப் பொருள்களில் ஆர்செனிக் இருப்பது 1990களில் தெரியவந்தபோது, அவற்றில் சில ஏற்கெனவே அவர்கள் கைக்குப் போய்விட்டிருந்தன.

சோதிக்க, துப்பாக்கி வடிவில் கையடக்க எக்ஸ்ரே கருவி ஒன்று இருக்கிறது. பொருளின்மேல் காட்டினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆர்செனிக், பாதரசம், ஈயம் என்று வரிசையாகச் சொல்லும். அதை அப்படியே நம்பவும் கூடாது. ஈயம் நிறைய இருந்தால் ஆர்செனிக்கின் அடையாளம் அதில் கலந்து மறைந்துவிடும். இந்தக் கரை முகமூடிகளின் சிவப்பு பல சமயம் வணிகத்தில் வந்த சாதிலிங்கம். அதிலேயே பாதரசம் உண்டு. எனவே உதட்டில் பாதரசம் காட்டினால் அது பழைய ஓவியனின் வண்ணமா, பழைய கிடங்குக்காரனின் விஷமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டிடிடி இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது, அதற்கு வேறு ஆய்வு. ஆர்செனிக்கை நுண்வடிகட்டி வைத்த வேக்குவத்தால் குறைக்கலாம். முழுக்க எடுக்க முடிவதில்லை. பொருளை ஒப்படைக்கும் பெட்டியோடு இந்த உண்மையையும் எழுதி ஒப்படைப்பதுதான் குறைந்தபட்ச நேர்மை. தமிழ்நாட்டில் அருங்காட்சியகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறேன்: பாடம்செய்த பழைய புலியையும் பறவையையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

ஊரிலிருந்து வந்த மாமாவை ஒருநாள் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். பாதிப் பெட்டிகள் துணி போட்டு மூடியிருந்தன. "டிக்கெட் காசு மட்டும் முழுசா வாங்குறான்" என்றார். நியாயமான கடுப்புதான். ஆனால் அந்தத் துணி சோம்பேறித்தனம் இல்லை. அமெரிக்காவில் பூர்வகுடிக் கல்லறைகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2024 ஜனவரியில் புது விதிகள் வந்தன. மனித எச்சங்களையும் சட்டம் குறிப்பிடும் பண்பாட்டுப் பொருள்களையும் காட்சிக்கு வைக்கவோ ஆராயவோ உரிய சமூகத்தின் சம்மதம் வேண்டும். அந்த மாதமே நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு பெரிய கூடங்களை மூடியது. சிகாகோவின் ஃபீல்டு மியூசியம் சில பெட்டிகளை மறைத்தது. கனடாவில் நாடு முழுவதற்குமான இப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை.

மாமாவிடம் வேடர் மண்டையோடுகளைப் பற்றிச் சொன்னேன். 2019இல் எடின்பரோ பல்கலைக்கழகம் 9 மண்டையோடுகளை இலங்கை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவிடம் ஒப்படைத்தது. நூறு வருடத்துக்கும் மேலாக அவை ஸ்காட்லாந்தில் 'மாதிரிகள்'. "அது யாருடைய பாட்டனாரோ" என்றார் மாமா. அதற்குப்பிறகு டிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை.

சரி, அந்த முகமூடிக்கு வருகிறேன். வண்டை விட்டுவைக்க முடியாது, பையில்லாமல் ஃப்ரீசரிலும் வைக்க முடியாது. வெளியே எடுக்கும்போது வியர்த்து மரம் நனைந்துவிடும். பாட்டியும் நானும் உட்கார்ந்து பேசினோம். பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, காற்றோடு பெரிய பையில், 2 வாரம் மட்டும். வைப்பதற்கு முன் பாட்டி அவரிடம் தங்கள் மொழியில் கொஞ்ச நேரம் பேசினார், குளிரப்போகிறது என்று சொன்னாராம். இப்போது அந்த அலமாரியில் பிளாஸ்டிக் இல்லை.

சில வருடம் கழித்து அந்தக் குடும்பம் ஒரு பாட்லாட்ச்சுக்கு அவரைக் கேட்டது. சோதித்தோம். உதட்டுச் சிவப்பில் பாதரசம், அது சாதிலிங்கம். முகம் படும் உட்பக்கத்தில் ஒன்றும் இல்லை. போய் ஆடிவிட்டு வந்தார். பெட்டியைத் திறந்தால் புகை வாசம், நாரில் ஒரு புது முடிச்சு, நெற்றிக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் கழுகின் மென்தூவி. நிலை அறிக்கையில் 'சேதம்' என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'ஆடியதன் தடம்' என்று எழுதினேன்.

தூவியில் பூச்சி வரும். எடுத்துவிடட்டுமா என்று பாட்டிக்கு ஃபோன் போட்டேன்.

"அது அவருடையது. இருக்கட்டும்" என்றார்.

இப்போது மாதம் ஒருமுறை டார்ச்சோடு போய் அந்தத் தூவியை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன்.