பிட்களின் வரைபடத்தைச் சிப் நிறுவனமே தந்தால்

2020 ஜூனில் கலிஃபோர்னியாவின் குவிக்லாஜிக் நிறுவனம், தன் எஃப்பிஜிஏ சிப்களுக்கு ஓப்பன் சோர்ஸ் கருவிகளை அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்போவதாக அறிவித்தது. ஆன்ட்மைக்ரோ என்ற பொறியியல் நிறுவனமும் கூகுளும் அதில் கைகோத்தன. சிறிய நிறுவனம்தான், சிப்பும் சிறியதுதான். ஆனால் அன்றைக்கு அது திறந்துவிட்ட கதவு சிறியதல்ல. ஏன் என்று புரிய, சிப்புக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

சாதாரணச் சிப்பில் சுற்று தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். எஃப்பிஜிஏவில் அப்படியில்லை. வாங்கியவர் தன் மேசையில் உட்கார்ந்து அதற்குள் ஒரு சுற்றை உருவாக்கலாம், வேண்டாமென்றால் அழித்துவிட்டு வேறொன்றை உருவாக்கலாம். 1985-இல் சைலிங்ஸ் வெளியிட்ட முதல் எஃப்பிஜிஏவில் 64 தர்க்கக் கட்டங்கள் இருந்தன. இன்றைய பெரிய சிப்களில் லட்சக்கணக்கில் இருக்கின்றன.

அந்தக் கட்டத்தின் உயிர் லுக்-அப் டேபிள். பெயருக்கேற்ப அது வெறும் விடைப்பட்டியல். கணக்குப் போடுவதே இல்லை. மூன்று பட்டன்களில் குறைந்தது இரண்டை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பட்டன்களுக்கு எட்டு நிலைகள். 000-இலிருந்து 111 வரை வரிசையாக விடைகளை எழுதினால் 0, 0, 0, 1, 0, 1, 1, 1. இந்த எட்டு பிட்களை நினைவகத்தில் வைத்துவிட்டால் போதும், அதுவே சுற்று. மூன்றையும் அழுத்தினால்தான் எரிய வேண்டுமா? 0, 0, 0, 0, 0, 0, 0, 1 என்று மாற்றுங்கள். ஒரு கம்பியும் நகரவில்லை, சுற்று வேறாகிவிட்டது.

நடைமுறையில் பல சிப்களில் நான்கு உள்ளீடுகள், ஆகவே பதினாறு பிட்கள். நான்காவது சும்மா இருந்தால் அதே எட்டை இன்னொரு முறை எழுதிவிடலாம்.

சுற்றுகளை விவரிப்பதற்கான வெரிலாக் மொழியில் நாம் எழுதும் விவரணையை இந்தப் பட்டியல்களாக உடைப்பது கருவியின் முதல் வேலை. யோசிஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அதைச் செய்கிறது. அடுத்து, எந்தப் பட்டியலைச் சிப்பின் எந்தக் கட்டத்தில் குடிவைப்பது என்ற முடிவு. அதற்கடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: கட்டங்களைக் கம்பிகளால் இணைப்பது.

கம்பிகள் ஏற்கெனவே சிப்பில் பதிந்திருக்கின்றன. எதை எதோடு சேர்ப்பது என்பது மட்டும்தான் நம் கையில். ஒரு கம்பியில் ஒரு சமிக்ஞைதான் போக முடியும். பெங்களூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஜெயநகரிலிருந்து மாரத்தஹள்ளி போகிறவரும், கோரமங்களாவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போகிறவரும் சில்க் போர்ட் சந்திப்பில்தான் வந்து முட்டிக்கொள்வார்கள். மெக்மர்ச்சி, எபெலிங் இருவரும் 1995-இல் வெளியிட்ட பாத்ஃபைண்டர் முறை இதை அழகாக அவிழ்க்கிறது. முதல் தடவை எல்லோரும் அவரவர் குறுக்குவழியில் போகட்டும், மோதட்டும். பிறகு மோதல் நடந்த இடத்துக்கு மட்டும் விலையைக் கூட்டு. அடுத்த தடவையும் மோதினால் இன்னும் கூட்டு. மாற்றுவழி உள்ளவர் விலைக்குப் பயந்து விலகுவார். வேறு வழியே இல்லாதவர் விலையைக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பார். திரும்பத் திரும்ப இப்படி நடந்து, கடைசியில் மோதலே இல்லாமல் போகும். டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் உருவான விபிஆர் கருவி இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. குவிக்லாஜிக் தேர்ந்தெடுத்த கருவித்தொகுப்பிலும் யோசிஸோடு சேர்ந்து உழைப்பது இதே விபிஆர்.

இவ்வளவும் புத்தகத்தில் படிக்கக் கிடைப்பவை. சிக்கல் கடைசிப் படியில் இருக்கிறது. பட்டியல்களும் இணைப்புகளும் முடிவானதும் எல்லாம் பிட்ஸ்ட்ரீம் என்ற ஒரே கோப்பாகச் சிப்புக்குள் போக வேண்டும். அதில் எந்த பிட் எந்தக் கட்டத்துக்கு, எந்தச் சந்திக்கு? பெரும்பாலான நிறுவனங்கள் இந்த வரைபடத்தை வெளியிடுவதில்லை. ஆகவே கடைசிப் படிக்கு அவர்களுடைய மென்பொருளையே நம்பியிருக்க வேண்டும். அது பல பத்து ஜிபி இடம் கேட்கும், சில சமயம் உரிமம் ஒரே கணினியோடு கட்டப்பட்டிருக்கும்.

2015-இல் கிளேர் வுல்ஃபும் மத்தியாஸ் லாசரும் லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 என்ற எஃப்பிஜிஏ சிப்புக்கு இந்த வரைபடத்தைத் தாங்களே கண்டுபிடித்து ஐஸ்ஸ்டார்ம் என்ற பெயரில் வெளியிட்டார்கள். நிறுவனத்தின் கருவிக்கு ஆயிரமாயிரம் சிறு சுற்றுகளைக் கொடுத்து, வெளிவரும் கோப்பில் எந்த பிட் மாறுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேடும் வேலை இது. அசாத்தியப் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமையின் பலனை அல்சூரில் எங்கள் வாரக்கடைசி வகுப்பில் பார்க்கிறேன். தர்மபுரியிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண், எஸ்.பி. ரோட்டில் வாங்கிய மூன்று பட்டன்களையும் ஒரு எல்இடியையும் ஐஸ்40 பலகையில் மாட்டி, மேலே சொன்ன சுற்றைச் செய்தாள்.

"அண்ணா, அப்போ இந்த நம்பர்தான் சர்க்யூட்டா?"

"ஆமாம்மா. மாத்திட்டு ரெண்டு ஃபைலையும் பக்கத்துல வச்சுப் பாரு."

மூன்றையும் அழுத்தினால்தான் எரியும்படி, பதினாறு பிட்களில் ஆறை மாற்றினாள். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டதில் ஒரே ஒரு கட்டத்தொகுதியில்தான் மாற்றம். ஒன்றாக இருந்த ஆறு இடங்கள் பூஜ்யமாகியிருந்தன. நான்கு வருடப் பொறியியல் படிப்பில் அவளுக்கு யாரும் இதைக் காட்டியதில்லை. மூடிய கருவியில் காட்டவும் முடியாது.

அப்படியானால் வெளியாட்களே கண்டுபிடித்துக்கொள்ளட்டும், நிறுவனம் எதற்கு? நேரக்கணக்குக்காக. ஒரு சமிக்ஞை ஒவ்வொரு கட்டத்தையும் கம்பியையும் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தால்தான், சுற்று எத்தனை மெகாஹெர்ட்ஸ் வரை பிழையில்லாமல் ஓடும் என்று கருவியால் உறுதி சொல்ல முடியும். வெப்பம் ஏறும்போதும் மின்னழுத்தம் இறங்கும்போதும் அந்த நேரம் மாறும். வெளியிலிருந்து ஆராய்பவர் இதைப் பெரும்பாடுபட்டு ஊகிக்க வேண்டும். சிப்பை வடித்தவர்களிடம் அந்த எண்கள் தயாராகவே இருக்கின்றன. விளக்கு எரியவைக்க அவை தேவையில்லை. விற்பனைக்குப் போகும் மருத்துவக் கருவிக்குள் சிப்பை வைக்கிறவருக்குக் கட்டாயம் தேவை.

நிறுவனத்துக்கும் இதில் லாபம் உண்டு என்றே நினைக்கிறேன். விபிஆரின் வழிதேடலை ஒரு பல்கலைக்கழகம் மேம்படுத்தினால், சம்பளம் கொடுக்காமலே அந்த மேம்பாடு குவிக்லாஜிக் வாடிக்கையாளருக்கும் வந்துசேரும். சிறிய நிறுவனம் தனியாக அத்தனை பேரை வைத்து உழைக்க முடியாது. பெரியவர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர்களுடைய சிப்களின் வரைபடம் இன்னமும் வெளியாட்கள் தேடிக் கண்டுபிடித்த அளவுக்குத்தான் நம்மிடம் இருக்கிறது. சைலிங்ஸின் 7-வரிசைச் சிப்களுக்கான புராஜெக்ட் எக்ஸ்-ரே அப்படிப்பட்ட தேடல்தான்.