எல்லாத்துக்கும் அலர்ஜின்னு பேரு வைக்காதீங்க

"உடம்புல அலர்ஜி டாக்டர்." தோல் ஓபியில வர்றவங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. சட்டையத் தூக்கிப் பாத்தா ஒருத்தருக்குப் படர்தாமரை, அடுத்தவருக்கு அக்கி, அதுக்கடுத்தவருக்கு சிரங்கு. நம்ம பாட்டிங்க தேமல், காணாக்கடி, பாலுண்ணின்னு ஒவ்வொண்ணுக்கும் தனிப்பேரு வச்சிருந்தாங்க, நாமதான் எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிட்டோம்.

காணாக்கடி உள்ளவங்க பாடுதான் பாவம். ராத்திரி பூரா தடிப்புத் தடிப்பா வந்து சொறிஞ்சு தள்ளியிருப்பாங்க, காலையில எங்கிட்ட வர்றப்ப ஒண்ணுமே இருக்காது, கூட வந்தவர் வேற "நல்லாத்தானே இருக்கு"ம்பார். அடுத்த தடவ ஒரு தடிப்பச் சுத்தி பேனாவால கோடு போட்டு மணி எழுதி வைங்க, போட்டோவும் எடுங்க. 24 மணி நேரத்துக்குள்ள கோட்டுக்குள்ள இருந்தது தடமே இல்லாம மறைஞ்சு வேற எடத்துல கெளம்பியிருந்தா அனேகமா காணாக்கடிதான். அங்கேயே நின்னு கன்னிப்போன தடம் விட்டா கதை வேற, காட்டிடுங்க. உதடு நாக்கு வீங்குது, மூச்சு திணறுதுன்னா பேனா தேடிட்டு இருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிதான்.

அக்கி அப்படி ஓடிப்போகாது. கொத்துக்கொத்தா நீர்க்கொப்புளம், ஒரு பக்கம் மட்டும் பட்டையா வரும், பெரும்பாலும் உடம்போட நடுக்கோட்டத் தாண்டாது. கொப்புளம் வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே அந்த எடம் எரியும். எப்பவோ வந்துட்டுப் போன சின்னம்மை வைரஸ் நரம்புக்குள்ள பதுங்கி இருந்து மறுபடி முழிச்சுக்கறதுதான் இது. காவியில அக்கி எழுதிக்கறவங்கள நான் திட்டறதில்ல, ஆனா எழுதிட்டு அஞ்சாம் நாள் வந்து நிக்காதீங்க, வைரஸுக்கான மாத்திரையை கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். மூக்கு நுனியில கொப்புளம் இருந்தா கண்ணுக்கும் ஆபத்து, அன்னைக்கே கண் டாக்டரப் பாக்கணும்.

படர்தாமரையில ஓரம் செவந்து தடிச்சு செதிலா இருக்கும், நடுவுல தெளிஞ்சு வளையமாத் தெரியும், அதுவும் மெடிக்கல்ல கேட்டு வாங்கின ஸ்டீராய்டு க்ரீம் படாத வரைக்கும்தான். அது பட்டா அரிப்பு அடங்கும், வளையம் கலைஞ்சுடும், உள்ள பூஞ்சை ஜம்முனு வளரும், அப்புறம் எனக்கே அடையாளம் தெரியாது. அதனால என்ன தடவினீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, ட்யூபையே கொண்டு வந்தாலும் சந்தோஷம்.

கஷ்டம் என்னன்னா வெளிறின திட்டுதான். கொழந்தை கன்னத்துல இருந்தா வயித்துல பூச்சின்னு மருந்து குடுப்பாங்க, அனேகமா அது வெறும் வறட்சி, பூச்சிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நகத்தால லேசா சுரண்டினா தவிடு மாதிரி உதிர்ந்தா தேமல். சுத்தமா பால் வெள்ளைன்னா வெண்புள்ளி, அது தொத்தாது. வெளிறியோ செவந்தோ இருக்கற எடத்துல உணர்ச்சி கொறைஞ்சிருந்தா தொழுநோயான்னு பாக்கணும். அரசு ஆஸ்பத்திரியில கூட்டு மருந்து இலவசம், வகையப் பொறுத்து 6 மாசமோ 12 மாசமோ சாப்பிட்டா குணமாயிடும்.

போன மாசம் ஒரு அண்ணன் முழங்கைக்கிட்ட இப்படி ஒரு திட்டோட வந்தார், அலர்ஜின்னு ஏழெட்டு மாசமா க்ரீம் தடவியிருக்கார். கண்ண மூடச் சொல்லி, பஞ்சு நுனியால தொடுவேன், தொட்டவுடனே சொல்லுங்கன்னேன். திட்டு மேல நாலு தடவ தொட்டுட்டேன்.

"எப்ப டாக்டர் தொடுவீங்க?"ன்னார்.