ஆர்பிட் என்றால் கண்குழி, சுற்றுப்பாதை அல்ல

கண்குழியைப் படமெடுக்கும் ‘ஆர்பிட் சி.டி. ஸ்கேன்’, ‘சுற்றுப்பாதை சி.டி. ஸ்கேன்’ என்ற பெயரில் இன்னொரு மருத்துவக் குறிப்பிலும் தலைகாட்டிவிட்டது. முகத்தில் அடிபட்டவர் கையில் ‘சுற்றுப்பாதைத் தள முறிவு’ என்று எழுதிக் கொடுத்தால், விழுந்தது எந்தச் செயற்கைக்கோள் என்றுதான் அவர் கேட்பார்.

லத்தீன் ‘ஆர்பிடா’ என்பது வண்டிச் சக்கரம் பதித்த தடம். இடைக்கால லத்தீனில் அது கண் அமர்ந்திருக்கும் எலும்புக் குழிக்கும் பெயரானது. 14-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்ததும் இந்தப் பொருளில்தான். கோள்களின் பாதை அங்கே 17-ம் நூற்றாண்டில் சேர்ந்தது. தமிழில் கண்குழி. இளைத்தவரைப் பார்த்துக் ‘கண் குழி விழுந்துவிட்டது’ என்று சொல்லாத வீடு உண்டா?

புணர்ச்சி இலக்கணம் பார்ப்பவர்கள் ‘கட்புலன்’ போலக் ‘கட்குழி’ என்பார்கள். கள்ளும் குழியும் சேர்ந்தாலும் கட்குழிதான், வேண்டாம். ‘கண்ணறை’ ஆசை காட்டும் சொல். ஏழு எலும்புகள் சேர்ந்து கட்டிய, கூரையும் தரையும் இரு பக்கச் சுவரும் உள்ள, பின்னே போகப் போகக் குறுகும் இடம் அது. கொள்ளளவு ஏறத்தாழ 30 மி.லி., அதில் விழிக்கு 7 மி.லி. போல. ஆனால் கண்ணறையை உயிரணுவுக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

சுற்றுப்பாதை சிரிப்போடு போய்விடும். ஆர்பிட்டுக்குச் சிலர் எழுதும் ‘கண்கோளம்’ அப்படியல்ல, ஆபத்து. கோளம் என்றால் உருண்டை, அதாவது விழி. ‘கண்கோள முறிவு’ என்று படிப்பவர் விழியே கிழிந்துவிட்டது என்று நினைப்பார். விழி கிழிந்தால் கண்ணை அழுத்தவே கூடாது. கண்ணில் படாதபடி கெட்டியான மூடி வைத்து, தாமதிக்காமல் அறுவை அறைக்குக் கொண்டுபோக வேண்டும். கண்குழித் தரை உடைவது வேறு கதை. அந்த மெல்லிய எலும்பு உடைந்து, கொழுப்பும் விழியைக் கீழே திருப்பும் தசையும் கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறையான சைனஸுக்குள் இறங்கும். முகத்துக்கு இணையாக வெட்டிப் பார்க்கும் கரோனல் படத்தில் அது சைனஸ் கூரையிலிருந்து தொங்கும் நீர்த்துளி போலத் தெரியும். பெரியவர்களுக்குத் தசை சிக்கவில்லை என்றால் வீக்கம் வடிய ஓரிரு வாரம் பொறுப்பது வழக்கம்.

குழந்தைகளிடம் பொறுக்கக் கூடாது. எலும்பு வளைந்து, தசையைக் கவ்விக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். படத்தில் முறிவு பல நேரம் கண்ணுக்கே படாது, கண்ணும் சிவக்காமல் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் பிள்ளை மேலே பார்க்க முடியாமல் வாந்தி எடுக்கும், நாடித் துடிப்பு குறையும். ஓரிரு நாளுக்குள் தசையை விடுவிக்க வேண்டும். ‘கோளம்’ என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு இவற்றில் எதைப் பெற்றோருக்கு விளக்குவது?

காயம் மட்டுமல்ல. தைராய்டு கண்நோயில் தசையை விழியோடு இணைக்கும் நாண் பகுதி பெரும்பாலும் அப்படியே இருக்க, தசையின் நடுப்பகுதி தடிப்பதும், மூக்கோர சைனஸிலிருந்து பரவிய சீழ் எலும்பை ஒட்டித் தேங்குவதும் விழிக்கு வெளியே, குழிக்குள் நடப்பவை. சி.டி. முக்கியமாகத் தேடுவதே அவற்றைத்தான்.

அகராதியின் முதல் பொருளோடு நிற்பவர்கள் இதே தாளில் ‘போன் விண்டோ’வை ‘எலும்புச் சாளரம்’ என்றும் எழுதுகிறார்கள். எடுத்த படத்தையே எலும்பு தெளியும்படி ஒருமுறை, தசையும் கொழுப்பும் தெளியும்படி இன்னொரு முறை சாம்பல் நிற அளவை மாற்றிப் பார்ப்பதுதான் அது. நோயாளியோ எலும்பில் ஓட்டை போடப்போகிறார்கள் என்று பயப்படுகிறார். ‘எலும்பு தெளியும் படம்’ என்று எழுதக் கை வலிக்குமா?