சோதனைச்சாவடி: சாவடிக்கு வந்த சோதனை

வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூரிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் மலேசியாவின் ஜொகூருக்குக் கிளம்பினால், சிங்கப்பூர் எல்லையான உட்லண்ட்ஸில் இறங்கி வரிசையில் நின்று, மறுபடி ஏறி, கடல்மேல் போகும் காஸ்வே தாண்டி, ஜேபியில் (ஜொகூர் பாருவில்) திரும்பவும் இறங்க வேண்டும். காஸ்வே ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். நேரக் கணக்கு வேறு. அப்படி ஒரு நாள் வீட்டுக்கு போன் போட்டு "சோதனைச்சாவடியில் நிக்கிறோம்" என்றேன். கூட வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிரித்துவிட்டார். "தம்பி, இது கியூ. செக்பொயின்ற் எண்டா வேற."

சரி, 'செக்பாயின்ட்'டுக்கு நாம் சொல்லும் சோதனைச்சாவடியைப் பிரித்துப் பார்ப்போம்.

சாவடி என்பது முதலில் ஊர்ப் பொது இடம். வழிப்போக்கர் படுத்துத் தூங்கலாம், ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்குப் பேசலாம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் உண்டு. தென்னிந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் வாயில் இது 'சௌல்ட்ரி' ஆயிற்று. சாவடியில் அதிகாரி வந்து உட்கார்ந்த பிறகு அதன் குணம் மாறியது: சுங்கச்சாவடி, காவல் சாவடி. திண்ணை போய் மேசை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை வடமொழி வழி வந்தது. அங்கே அதன் பொருள் தூய்மையாக்குதல். தமிழில் ஆராய்ந்து பார்ப்பதும் சோதனை, துன்பமும் சோதனை. யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பரீட்சையும் சோதனைதான். சோதனை எழுதப் போகிற பிள்ளை வழியில் சோதனைக்கு நின்ற காலம் அங்கே இருந்தது. ஆங்கிலத்து 'செக்' இன்னும் வேடிக்கை. சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கிற செக் அது. அதன் மூலம் அரசனைக் குறிக்கும் 'ஷா' என்ற பாரசீகச் சொல்.

நண்பர் சொன்ன 'வேற' என்ன? இலங்கையில் 2002இல் போர்நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணம் போகும் ஏ9 சாலை திறந்தது. புலிகள் வசமிருந்த வன்னிக்குள் போக ஓமந்தையில் இராணுவச் சோதனை, அதைத் தாண்டினால் புலிகளின் சோதனை. யாழ்ப்பாணப் பக்கம் முகமாலையில் இன்னொன்று. பையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும், நடக்க வேண்டும், பையை அவிழ்க்க வேண்டும். 2006 ஆகஸ்டில் சாலை மூடியதும் யாழ்ப்பாணத்தாருக்குக் கப்பல் அல்லது விமானம்தான் வழி என்றாயிற்று. ஒரே நாட்டுக்குள் ஒரு ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக!

இதையெல்லாம் கண்ட வாய்கள் சோதனைச்சாவடி என்று நீட்டி முழக்கவில்லை. காவல் நிற்பவனும் 'சென்றி' (ஆங்கிலத்து sentry), அவன் நிற்கும் இடமும் 'சென்றி'. இராணுவம் ஊரைச் சுற்றிவளைக்கும்போது முகத்தை மூடி உட்கார்ந்து ஆளைக் காட்டிக்கொடுப்பவன் 'தலையாட்டி'. ஒரு சொல்லில் ஒரு ஊரின் பயமே இருக்கிறது.

சிங்கப்பூருக்கும் இது அந்நியமில்லை. 1942 முதல் 1945 வரை, ஜப்பானியச் சிப்பாய் காவல் நிற்கிற இடத்தில் சனங்கள் குனிந்து வணங்கிவிட்டுத்தான் கடக்க வேண்டும். தவறினால் அறை விழும். காஸ்வேயில் கடவுச்சீட்டு கேட்கத் தொடங்கியதோ 1967இல், சிங்கப்பூரும் மலேசியாவும் இரு நாடான பிறகு. இப்போது உட்லண்ட்ஸில் கியூஆர் குறியீட்டைக் காட்டிவிட்டே போகலாம்.

ஆக, எல்லையில் வருவோர் போவோர் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்கிற உட்லண்ட்ஸுக்குச் 'சோதனைச்சாவடி' சரியான சொல். போலீஸ் இரவில் ரோட்டில் வண்டிகளை நிறுத்துவதற்குச் 'சாலைத் தடுப்பு' போதும். படை நிற்கிற இடத்துக்கு இரண்டும் ஒட்டவில்லை. செய்திகளில் 'இராணுவச் சோதனைச்சாவடி' என்று எழுதுகிறார்கள். பொருள் சரி, ஆனால் சாவடி என்றதும் உட்காரலாம் போலத் தோன்றுகிறது. நண்பர் தன் கதை சொல்லும்போதெல்லாம் "ஆமி மறிச்சவன்" என்றார். அந்த மறிப்பையே எடுத்துக்கொண்டு 'படை மறிப்பு' என்றால் என்ன? 'மறியல்' என்றுதான் எழுதக்கூடாது. தமிழ்நாட்டில் அது சாலையில் உட்காரும் போராட்டம், யாழ்ப்பாணத்தில் சிறை.

ஜேபி பக்கம் இறங்கினோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் இருபது பேராவது இருப்பார்கள். நண்பர் அதற்குள் கடவுச்சீட்டைப் படமிருக்கும் பக்கத்தில் விரித்து, கட்டை விரலை நடுவில் வைத்துப் பிடித்திருந்தார். இன்னொரு கை சட்டைப் பையைத் தடவிப் பார்த்தது. "என்னண்ணே தேடுறீங்க?" என்றேன்.

"ஐடென்ரிட்டி காட்," என்றார். "பழக்கம்."